முள் இறங்குகிற மதியம்

மின்விசிறி நிற்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது. விசிறியாவது பழக்கத்தில் நாலு சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்கும். கட்டிலின் தலைமாட்டில் இருக்கிற ஆக்சிஜன் மெஷினுக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது. புஸ் என்று இழுத்து புஸ் என்று விட்டுக்கொண்டிருந்தது பாதி மூச்சில் நின்று கீச்சென்று கத்த ஆரம்பிக்கிறது. கையிலிருந்த குழம்புக் கரண்டியை எங்கே வைத்தேன், அடுப்பை அணைத்தேனா, அணைத்தேன், அணைத்த மாதிரிதான் இருக்கிறது. ஓடிவந்து என் வீட்டுக்காரரின் மூக்குக் குழாயின் மறுமுனையை மெஷினிலிருந்து பிடுங்கி, மூலையில் நிற்கிற சிலிண்டரில் செருகி, சாவியைத் திருப்புகிறேன். இறுகியிருக்கிறது. போன தடவை யார் இப்படி இறுக்கினது, நான்தான், வேறு யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில். உள்ளங்கை வியர்வையில் வழுக்குகிறது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு மறுபடி திருப்பினால் ஒரு சீறல். வந்துவிட்டது. "போச்சா?" என்கிறார் சாலமோன், கண்ணைத் திறக்காமலே. "போச்சுங்க. வந்துடும்." வந்துடும் என்று சொல்லிக்கொண்டே சிலிண்டர் தலையில் இருக்கிற மானியைப் பார்க்கிறேன். முள் பச்சைக் கோட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனபோதே பாதி தீர்ந்துவிட்டது. புது சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் நாளைக் காலை என்றான், நேற்றும் நாளைக் காலை என்றுதான் சொன்னான். இன்வெர்ட்டர் இருக்கிற தைரியத்தில் நானும் சும்மா இருந்துவிட்டேன். அதன் பாட்டரி இந்தக் கத்திரி வெயிலில் வயிறு உப்பிப்போய், மாற்றித் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டுபோன கடைக்காரர் போனவர்தான். கத்துகிற மெஷினை அணைக்கிறேன். அணைத்ததும் வீடு திடீரென்று பெரிதாகிவிடுகிறது. இரண்டு வருஷமாக இந்த அறையில் அந்தப் புஸ் புஸ் இல்லாத நேரமே கிடையாது. தூக்கத்தில்கூட அந்தச் சத்தத்தின் மேல்தான் படுத்திருப்பேன். இப்போது அவர் மூச்சு மட்டும் கேட்கிறது, ஓலைப்பாயை யாரோ மெதுவாக இழுக்கிற மாதிரி.

புகார் எண்ணுக்குப் போன் போடுகிறேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொல்கிறது ஒரு பெண் குரல். அழுத்துகிறேன். மின்தடைக்கு இரண்டு. அழுத்துகிறேன். இணைப்பு எண்ணைத் தட்டச் சொல்கிறது, தட்டுகிறேன், தவறான எண் என்கிறது, மறுபடி தட்டுகிறேன். நல்ல குரல். ழகரம் சுத்தமாக இருக்கிறது, எங்கள் சூப்பர்வைசர் அம்மா கேட்டிருந்தால் மார்க் போட்டிருப்பார். ஆனால் மூச்சு இல்லாத குரல். எனக்குத் தெரியும், நானும் குரலாகத்தான் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் மாட்டிய கருவியோடு பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஆம்பூர் வேணுமா, மெட்ராஸ் வேணுமா என்று கேட்டுச் செருகிச் செருகி எடுத்த கை இது. சாதா கால், அர்ஜென்ட் கால், அதுக்கும் மேலே லைட்னிங் கால். ஒரு நாள் ஒரு ஆள் பேசவே முடியாமல் அழுதுகொண்டே டாக்டர் வீட்டு எண்ணைக் கேட்டார், குழந்தை நீலமாகப் பிறந்திருக்கிறது என்றார். டாக்டர் ஊருக்குப் போகிற லைனெல்லாம் நிரம்பியிருந்தது. தோல் மண்டிக்காரர் ஒருவர் கல்கத்தாக்காரரோடு விலை பேசிக்கொண்டிருந்தார். நடுவில் நுழைந்து, மன்னிக்கணும் சார், ஒரு உயிர் விஷயம், லைனைத் தாங்க என்றேன். அவர் திட்டினார், நான் பிடுங்கிவிட்டேன். பிறகு அவர் மேலிடத்துக்குப் புகார் எழுதினார், எழுதட்டுமே. அப்போது நடுவில் நுழைய ஒரு ஆள் இருந்தாள். இப்போது இந்தப் பெண்ணிடம் நான் என்ன சொன்னாலும் அவள் அடுத்த எண்ணைத்தான் சொல்வாள். உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. எத்தனை மணிக்கு வரும் அம்மா, சொல்லும்மா, என்று என் வாய் அவளிடம் கேட்டே விடுகிறது. நன்றி என்று சொல்லி அவள் வைத்துவிடுகிறாள். சாலமோன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார். "யார்கிட்ட கெஞ்சுற, சுகந்தி?" "யார்கிட்டயும் இல்ல. நீங்க பேசாதீங்க, மூச்சு வீணாகும்."

போனில் டிங், டிங் என்று விழுந்துகொண்டே இருக்கிறது. எங்கள் நகரின் வாட்ஸ்அப் குழு. கரண்ட் போனதும் அங்கே எல்லாருக்கும் கரண்ட் வந்துவிடும். யாருக்காவது எப்போது வரும் என்று தெரிந்திருக்கும், அதற்காகத்தான் திறக்கிறேன், வேறு எதற்கும் இல்லை. நாலு தெரு மொத்தமும் போயிருக்கிறதாம். கடைத்தெரு டிரான்ஸ்ஃபார்மரில் புகையாம். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. மொட்டை மாடிக்கு மாடி சோலார் போட்டிருந்தால் இந்தக் கதி வருமா என்கிறார் ஒருவர். போட்டவன் வீட்டிலும் இப்போது இருட்டுதான் போய்ப் பார் என்கிறார் இன்னொருவர். அணு உலை வேண்டாம், அனல் மின்சாரம் வேண்டாம், காற்றாலை பறவையைக் கொல்லும், அப்புறம் எதில் ஃபேன் சுற்றும் என்று ஒருவர். இலவசம் கொடுத்தே நாடு போச்சு என்று ஒருவர், உனக்கும் நூறு யூனிட் இலவசம்தானே, வேண்டாம்னு எழுதிக்குடுத்தியா என்று அதற்குப் பதில். ஏ.ஐ. கம்ப்யூட்டருங்க குடிக்கிற கரண்ட்டுதான் காரணம் என்று யாரோ எங்கிருந்தோ வந்ததைத் தள்ளிவிட்டிருக்கிறார். உலகம் சூடாகிவிட்டது என்று ஒருவர், எங்க தாத்தா காலத்திலும் சித்திரையில் வெயில்தான் அடித்தது என்று ஒருவர். மற்ற நாளாக இருந்தால் நானும் இரண்டு வரி போட்டிருப்பேன். எனக்கும் கருத்து உண்டு, குறைச்சலே கிடையாது. சமையல் முடிந்து அவர் தூங்குகிற நேரத்தில் கட்டை விரலால் தட்டித்தட்டி நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அந்த எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுகிறது. அப்போது அந்த வரி வருகிறது. பூங்காவிலேயே புது டிரான்ஸ்ஃபார்மர் வந்திருக்கும், யார் தடுத்தது என்று எல்லாருக்கும் தெரியும். பெயர் போடவில்லை. பெயர் போட வேண்டியதும் இல்லை. மானியைப் பார்க்கிறேன். முள் அப்படியே இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. முள் நகர்வதை யாரும் பார்க்க முடியாது, நகர்ந்ததைத்தான் பார்க்க முடியும்.

தை மாசம் பூங்காவில் நாற்காலி போட்டுக் கூட்டம் வைத்தார்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் லோடு தாங்கவில்லை, புதுசு ஒன்று வைக்க இடம் வேண்டும், பூங்காவின் கிழக்கு மூலை தோதாக இருக்கிறது, அங்கே இருக்கிற புங்க மரங்களை மட்டும் எடுக்க வேண்டியிருக்கும் என்று வந்த இன்ஜினியர் சொன்னார். மட்டும் என்றார். அந்த ஒரு சொல்தான் என்னை எழுப்பிவிட்டது. என் வாழ்க்கையிலே முதல்முறையாக மைக்கைக் கையில் வாங்கினேன். நாள்பூரா பேசியே பிழைத்தவள், ஆனால் என் பேச்சாக ஒரு வார்த்தை ஊருக்கு முன்னால் பேசினதில்லை. இந்த ஊர் வெயிலில் ஒரு நிழல் உண்டாக எத்தனை வருஷம் ஆகும் சார், பிள்ளைங்க விளையாடுகிற இடத்தில் ஹை வோல்டேஜ் கொண்டுவந்து வைப்பீங்களா சார் என்றேன். கை தட்டினார்கள். கை தட்டினால் உடம்பில் ஏதோ ஏறுகிறது. அப்போதுதான் எதிர்வீட்டு ஹேமலதா எழுந்தாள். தனியாக இருக்கிறவள், வங்கியில் அதிகாரி, எங்கள் தெருவிலே முதல் எலக்ட்ரிக் கார் அவளுடையதுதான். "நிழல் வேணும்தான் ஆன்ட்டி. ஆனா வீட்டுக்கு வீடு ரெண்டு ஏ.சி.யை வாங்கி மாட்டிட்டு, மரத்தைக் கட்டிப்பிடிச்சிட்டு நின்னா லோடு குறைஞ்சிடுமா? நாளைக்கு மொத்தமா எரிஞ்சு நின்னா யார்கிட்ட போய்க் கேப்பீங்க?" என்றாள். சரியான கேள்விதான். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. "உங்க கார் குடிக்கிறதுக்கு எங்க மரம் பலியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அவள் திருப்பி ஒன்று சொல்லியிருக்கலாம். உங்க வீட்லயும்தானே இருபத்து நாலு மணி நேரமும் ஒரு மெஷின் ஓடுது ஆன்ட்டி என்று சொல்லியிருக்கலாம். தெருவுக்கே தெரியும், அவளுக்கும் தெரியும், சாலமோனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றைக்கு ஸ்ட்ரெச்சரை ஒரு பக்கம் பிடித்தவளே அவள்தான். சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து இரண்டு வீட்டுக் கேட்டுக்கும் நடுவில் பேச்சு இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் யோசனையையும் கிடப்பில் போட்டுவிட்டார்கள். நான் ஜெயித்தேன் என்றார்கள். ஜெயித்த அன்றைக்கு ராத்திரியும் என் மனசில் நின்றது கைதட்டல் இல்லை, அவள் சொல்லாமல் விட்டதுதான். எதற்கு அதைச் சொல்லாமல் விட்டாள்? சொல்லியிருந்தால் எனக்கு அவளை வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது சாலமோன் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், இருமினால் உதடு கறுக்கும், இருந்தாலும் சிரித்தார். "பாலாத்துக்கு வாயைத் தொறக்காதவ பூங்காவுக்குத் தொறந்துட்டா" என்றார். தோல் தொழிற்சாலையில் மருந்து கலக்கிற பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர். பாலாற்றில் எது கலந்தது என்று எங்களுக்குத் தெரியும், கிணற்றுத் தண்ணீர் எப்போது உப்புக் கரிக்க ஆரம்பித்தது என்றும் தெரியும். மூடு என்று கொடி பிடித்தவர்களை அவர் திட்டுவார், மூடிவிட்டால் இவ்வளவு குடும்பமும் எங்கே போகும், நீயா சோறு போடுவாய் என்பார். நான் சோறு போட்டுக்கொண்டே கேட்பேன். அந்தச் சோறும் அங்கிருந்து வந்ததுதான், என்னத்தைச் சொல்ல. அவர் சட்டையைத் துவைக்கும்போது ஒரு வாடை வரும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையிலும் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நுரையீரல் நார் நாராகிவிட்டது என்று சொல்லிவிட்டு, என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்டார். தோல் என்றார் இவர். டாக்டர் தலையை ஆட்டினார். அதனால்தான் என்றும் சொல்லவில்லை, அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தத் தலையாட்டலை நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம், இதுவரை அதைப் பற்றி ஒருத்தரோடு ஒருத்தர் பேசினதில்லை. இப்போது எதற்கு இதெல்லாம் ஓடுகிறது. முள். முள்ளைப் பார். சிவப்புக்கு மேலே ஒரு விரல் அளவு. முன்பு ஒன்றரை விரல் இருந்தது. இல்லை, ஒன்றரை இருந்ததா? இயேசப்பா, ஒன்றரை இருந்ததா?

சிலிண்டர் ஆளுக்குப் போன் போடுகிறேன். மெயின் ரோட்டில் மறியலாம், கரண்ட் கேட்டு இரண்டு ஊர் ஜனம் நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டதாம், வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கமே நிற்கிறதாம். ஆம்புலன்ஸுக்குப் போடுகிறேன். இது மூச்சு இருக்கிற குரல், ஒரு பையன், பொறுமையாகக் கேட்கிறான், முகவரியைத் திருப்பிச் சொல்கிறான், கிளம்பிட்டாங்கம்மா, ஆனா உங்க ரோட்ல மறியல் காட்டுது, விடச் சொல்லிப் பேசிட்டிருக்காங்க, நேரம் ஆகலாம், பயப்படாதீங்க என்கிறான். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவனும் பாவம் என்ன சொல்வான். அந்த மறியலில் உட்கார்ந்திருக்கிறவர்களையும் என்னால் திட்ட முடியவில்லை. நானும் அதில் உட்கார்ந்திருக்க வேண்டியவள்தான், எனக்கும் அதே கரண்ட்தான் வேண்டும். ஒசூரில் இருக்கிற மகளைக் கூப்பிடலாமா? வேண்டாம். அவள் அழுவாள், அவள் அழுதால் நான் அழுவேன், அதற்கு இப்போது நேரம் இல்லை. அவர் விரலில் மாட்டியிருக்கிற, ஆக்சிஜன் அளவு காட்டுகிற சின்னக் கருவியில் எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கி நிற்கிறது. சிலிண்டர் திருகைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் வரும். குறைத்தால் அந்த எண் இன்னும் இறங்கும். கூட்டவா, குறைக்கவா? விரலை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைக்கிறேன். தோலுக்குக் கீழே எலும்பு சூடாக இருக்கிறது. குழுவில் எழுதலாமா என்று தோன்றுகிறது. தோன்றியதும் வெட்கமாக இருக்கிறது. தடுத்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும் என்ற வரிக்குக் கீழேயே போய், என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுகிறது என்று எழுத வேண்டுமா? பார்த்தீர்களா என்பார்கள். மனசுக்குள்ளாவது சொல்வார்கள். சொல்லட்டும், சொன்னால் என்ன, அவர் உதட்டைப் பார், சுகந்தி, உதட்டைப் பார்.

எழுதுகிறேன். சாலமோன் சாருக்கு ஆக்சிஜன் முடியப் போகிறது, யாரிடமாவது சிலிண்டரோ ஜெனரேட்டரோ இருந்தால் உடனே சொல்லவும். அவசரத்தில் ஆக்சிஜன் ஆசிகன் என்று விழுகிறது, திருத்துகிறேன், எதற்குத் திருத்துகிறேன், அனுப்பு. அனுப்பிவிட்டேன். ஒருவர் கும்பிடுகிற கை ஒன்று போடுகிறார். கீழே உடனே இன்னொருவர், ஜெனரேட்டர் புகையே பெரிய கேடு, டெல்லியைப் பாருங்கள் என்று நீளமாக எழுதியிருப்பது வந்து விழுகிறது. அவர் என் வரியைப் பார்த்து எழுதவில்லை, முன்னாலேயே எழுதிக்கொண்டிருந்தது இப்போது வந்து சேர்ந்திருக்கிறது, எனக்கே தெரிகிறது. இருந்தாலும் என் வரி மேலே போகிறது. அதற்கு ஒரு பதில், அதற்கு ஒரு பதில். இன்னும் மேலே போகிறது. கைக்கு எட்டாமல் யாரோ இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. நடுவில் நுழைந்து, எல்லாரும் லைனை விடுங்க, ஒரு உயிர் விஷயம் என்று கத்த ஆள் இல்லை. போனைக் கட்டிலில் போடுகிறேன். எதிர்வீட்டுக் கேட்டுக்குள் கார் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. வெள்ளைக் கார். காலையில் வேலைக்குப் போனாளே, எப்போது வந்தாள்? அவள் வண்டியில் ஏற்றிச் சந்து வழியாகவாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா? எந்த வாயால் கேட்பேன்? அவரை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? நான் திரும்பி வருவதற்குள் அவருக்கு, இல்லை, அதை நினைக்கக்கூடாது, நினைத்தால் நடந்துவிடும். "எங்க பாத்துட்டிருக்க?" என்கிறார். "எதிர்வீட்டுப் பொண்ணு இருக்கா." அவர் என்னையே பார்க்கிறார். தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்குகிறார். "போ" என்கிறார்.

செருப்பு போடவில்லை என்பது தார் ரோட்டில் கால் வைத்த பிறகுதான் தெரிகிறது. நடுத் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அவள் கேட்டைத் தட்டுகிறேன், கரண்ட் இல்லாத வீட்டில் அழைப்பு மணியை வேறு அழுத்துகிறேன். கதவு திறக்கிறது. தலைமுடியைத் தூக்கிக் கட்டி, கையில் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு ஹேமலதா நிற்கிறாள். என் காலைப் பார்க்கிறாள். நான் ஒத்திகை பார்த்த வார்த்தை எதுவும் வாயில் இல்லை. "அங்கிளுக்கு... சிலிண்டர் முடியுது. உங்க கார்ல ஆஸ்பத்திரிக்கு..." "மெயின் ரோடு முழுக்க அடைச்சு வெச்சிருக்காங்க ஆன்ட்டி. நான் அதுல மாட்டித்தான் பாதியில திரும்பி வந்தேன். சந்துலயும் வண்டி நிக்குது." அவ்வளவுதான். கேட்டைப் பிடித்துக்கொள்கிறேன், கம்பி சுடுகிறது, விடமாட்டேன் என்கிறது கை. அவள் உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். இதோ சொல்லப்போகிறாள், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்குச் சொல்லப்போகிறாள். "அந்த மெஷின் எத்தனை வாட்?" என்கிறாள். என்ன? "உங்க ஆக்சிஜன் மெஷின், ஆன்ட்டி. பின்னாடி ஒட்டியிருக்குமே, எத்தனை வாட்?" எனக்குத் தெரியாது, என்னத்துக்குக் கேட்கிறாள்? "மிக்ஸி அளவுக்கு இருக்கும்னு கடைக்காரர் சொன்னார்." "அப்போ தாங்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடுகிறாள். "இந்தக் கார்லேருந்து கரண்ட் எடுக்கலாம். ஏலகிரி போனப்போ ரைஸ் குக்கர் போட்டிருக்கேன். இதுக்கு வேலை செய்யுமா தெரியாது, பாப்போம். நீங்க போய் அங்கிள் பக்கத்துல இருங்க, ஜன்னலைத் தொறந்து வைங்க. ஒயர் நான் கொண்டுவரேன்." கார் கரண்ட் குடிக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். கொடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருப்பேனா? அதை யோசிக்க இப்போது கால் சுடுகிறது, ஓடு.

முள் சிவப்புக்குள் போய்விட்டது. சீறல் மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று காதைக் குழாயில் வைத்துக் கேட்கவேண்டியிருக்கிறது. சாலமோன் உட்கார்ந்தால் மூச்சு வரும் என்று எழுந்து முன்னால் குனிந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, தோளால் மூச்சு இழுக்கிறார். வெளியே கார் வரும் சத்தமே இல்லை, சத்தமில்லாத கார் அது, வருகிறதா வரவில்லையா என்று எப்படித் தெரியும். ஹேமா என்று கத்துகிறேன். "வந்துட்டேன்!" என்கிறது குரல் ஜன்னலுக்கு அடியில். கம்பிக்கு நடுவே ஆரஞ்சு நிற ஒயர் நுழைகிறது. மெஷின் பிளக்கை அதன் பெட்டியில் செருகுகிறேன். சுவிட்சைப் போடுகிறேன். ஒன்றும் இல்லை. "வரலை ஹேமா!" "இருங்க, இங்க ஏதோ கேக்குது." கேட்கிறதா, எது கேட்கிறது, காரா? அவள் தனக்குள் ஏதோ படித்துக்கொண்டே அழுத்துகிற சத்தம், காரிலிருந்து டொக் என்று ஒன்று. மெஷின் கீச்சென்று கத்துகிறது. நிற்காமல் கத்துகிறது. விளக்கு சிவப்பாகவே எரிகிறது. கத்து, கத்து, ஆனால் மூச்சு விடு, தாயே, மூச்சு விடு என்று அந்தப் பிளாஸ்டிக் பெட்டியின் தலையில் கை வைக்கிறேன். உள்ளே ஏதோ உதறி எழுகிறது, உள்ளங்கையில் அதிர்வு ஏறுகிறது. புஸ். நிற்கிறது. மறுபடி புஸ். கத்தல் ஓய்கிறது, சிவப்பு போய்ப் பச்சை வருகிறது. குழாயைச் சிலிண்டரிலிருந்து பிடுங்கி இதில் மாட்டுகிறேன். சிலிண்டர் கடைசியாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. அவர் முதுகைத் தடவுகிறேன். இழுங்க, இழுங்க, வருது பாருங்க, இழுங்க. ஒவ்வொரு எலும்பும் கைக்குத் தட்டுப்படுகிறது. ஹேமா வாசலில் வந்து நின்று உள்ளே எட்டிப்பார்க்கிறாள், மூச்சு அவளுக்கும் வாங்குகிறது. "வருதா?" "வருது." சொல்லும்போதுதான் என் முகம் நனைந்திருப்பது தெரிகிறது. வியர்வையாகவும் இருக்கலாம்.

ஆம்புலன்ஸ் பையன் போன் செய்கிறான், வழி விட்டுட்டாங்கம்மா, வந்துட்டே இருக்காங்க, எப்படி இருக்கார் என்கிறான். இருக்கார்பா, வரட்டும், வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும் என்கிறேன். ஹேமா கட்டில் காலடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். நான் மோர் கொண்டுவந்து கொடுக்கிறேன், குடிக்கிறாள். உப்பு போட்டேனா இல்லையா தெரியவில்லை, அவளும் சொல்லவில்லை. நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது, அதை எடுத்தால் கூடவே அந்த மைக்கும் கைதட்டலும் சிரிப்பும் வரும், எதைப் பிரித்து எதைக் கொடுப்பது. தெருவில் திடீரென்று பிள்ளைகள் ஓவென்று கத்துகிறார்கள். தலைக்கு மேலே விசிறி ஒரு முனகலோடு அசைகிறது. கரண்ட் வந்துவிட்டது. ஹேமா எழுந்து ஒயரை நோக்கிக் கையை நீட்டுகிறாள். "வேணாம்மா" என்கிறேன், என் குரல் எனக்கே உரக்கக் கேட்கிறது. "இப்ப மாத்தவேணாம். நிக்குமான்னு பாப்போம்." "இருக்கட்டும் ஆன்ட்டி, எனக்கொண்ணும் அவசரம் இல்ல" என்று திரும்ப உட்காருகிறாள். உட்கார்ந்து, சாவியை மடியில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள். "ஞாயித்துக்கிழமை மறுபடி கூட்டம் போடறாங்களாம். அதே பூங்கா விஷயம்தான். டிரான்ஸ்ஃபார்மர் வேணும்னுதான் நான் பேசுவேன் ஆன்ட்டி. இன்னிக்கு நடந்ததை வெச்சுச் சொல்லலை. அன்னிக்கும் அதான் சொன்னேன், நாளைக்கும் அதான்." என் வாய் திறக்கிறது. சரிம்மா, நீ சொல்றதுதான் சரி என்று சொல்லிவிட்டால் எவ்வளவு லேசாக இருக்கும், இந்த அறையில் இப்போது அதைச் சொல்வதுதான் மரியாதை. ஆனால் அந்தப் புங்க மரங்கள் நிற்கின்றன. பள்ளிக்கூடம் விட்டதும் அதன் அடியில் பையை எறிந்துவிட்டு ஓடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும், மரமும் வேண்டும், வேறு மூலை ஒன்று இல்லாமலா போய்விடும், அதை யார் தேடினார்கள், நானும் தேடவில்லையே. நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "நான்..." என்று ஆரம்பித்து நிற்கிறேன். சாலமோன் தலையணையில் சாய்ந்தபடி ஒரு விரலை உயர்த்துகிறார், இரு என்கிற மாதிரி. மூச்சைச் சேர்க்கிறார். "அவளும்... வருவா" என்கிறார் ஹேமாவிடம். இன்னொரு மூச்சு. "பேசுவா." அந்த மூன்று சொல்லுக்கு அவர் விரலில் இருக்கிற எண் இறங்குகிறது. ஹேமா நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொள்கிறாள். அந்த எண் மறுபடி ஏறுகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.